சீக்கிரம் படுத்தால் தூக்கம் வருமா?

வழக்கமாகப் பதினொன்றரைக்குத் தூங்கிவிடும் ஒருவருக்குக் கொஞ்ச நாளாக மணி ஒன்றரை ஆனாலும் கண் மூட மறுக்கிறது. வீட்டில் சொன்னால் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள்: "ஒம்பதரைக்கே போய்ப் படு, தன்னால தூக்கம் வரும்." அவரும் நம்பிப் போய்ப் படுக்கிறார். தூக்கம் என்னவோ அதே ஒன்றரைக்குத்தான் வருகிறது. முன்பு இரண்டு மணி நேரம் புரண்டவர் இப்போது நான்கு மணி நேரம் புரள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்று தெரிந்துகொண்டால், தூக்கம் எப்படி வருகிறது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். அதற்கு முன் ஒரு விஷயம். படுத்த உடனே தூங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒருவருக்கு விளக்கை அணைத்த பிறகு பத்து, இருபது நிமிடம் பிடிக்கும். தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிறவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். தினமும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அவர் தூங்கிவிடுகிறார் என்றால், அவருக்குத் தூக்கம் பாக்கி நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தூக்கம் பிடிக்க அரை மணிக்கு மேல் ஆவது, அது வாரத்தில் மூன்று இரவாவது நடப்பது, மூன்று மாதமாவது நீடிப்பது, பகலில் வேலையும் மனநிலையும் கெடுவது ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் நாள்பட்ட தூக்கமின்மை என்று எழுதுவார்கள். பரீட்சை முடிவுக்கு முந்தின இரவும், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் வாரமும் தூக்கம் வராமல் போவது நோய்க் கணக்கில் சேராது.

பசியும் கடிகாரமும்

1982இல் சூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர், தூக்கத்தை இரண்டு விசைகளின் கூட்டு வேலையாக விளக்கினார். நாற்பது ஆண்டு கடந்த பிறகும், படுக்கையில் புரளும் ஆளுக்கு இதைவிட உதவும் விளக்கம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் விசை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் என்ற பொருள் அதில் சேர்கிறது. அது சேரச் சேரக் கண் சொக்குகிறது, தூங்கும்போது வடிகிறது. கிட்டத்தட்டப் பசி மாதிரி. மாலை ஐந்தரைக்கு நாலு பஜ்ஜி தின்றவர் எட்டு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்து "ஐயோ, பசிக்கவில்லையே" என்று பயப்படுவதில்லை. காரணம் அவருக்கே தெரியும். ஆனால் அலுவலகத்திலிருந்து திரும்பும் மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு, இரவில் "எனக்குத் தூக்கமே வருவதில்லை" என்பவருக்குக் காரணம் தெரிவதில்லை. ஓய்வுபெற்றவர்கள் பலருடைய சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம். பிறகு இரவு எட்டரைக்குத் தொலைக்காட்சித் தொடர் ஓட ஓட நாற்காலியிலேயே அரை மணி நேரம். அந்த இரண்டாவது தூக்கத்தை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை. கேட்டால், "சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்" என்பார்கள்.

காபி இந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை, மறைக்கிறது. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களில் காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துகொள்வதால், களைப்பு சேர்ந்திருந்தும் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. குடித்த காஃபினில் பாதி உடலிலிருந்து வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு டிகிரி காபி குடித்தவரின் ரத்தத்தில் இரவு பதினொரு மணிக்கும் அரை டம்ளர் காபி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது இன்னும் நீளும், புகைபிடிப்பவர்களுக்குக் குறையும். 2013இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அது பெரிய அளவுதான், நம் ஒரு டம்ளரில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் மாலைக் காபியை நிரபராதி என்று விட்டுவிட முடியாது. "நான் ராத்திரி பத்து மணிக்குக் காபி குடிச்சாலும் தூங்கிடுவேன்" என்று பெருமையடிப்பவர்கள் உண்டு. தூங்குவார்கள்தான், ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைந்துபோவது அவர்களுக்குத் தெரியாது. தேநீர், கோலா, சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் காஃபின் உண்டு.

இரண்டாவது விசை உடலின் கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும், எப்போது விழிப்பு உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. வெளிச்சம் எட்டாத இடத்திலும் இந்தக் கடிகாரம் ஓடுமா? அதைச் சோதிக்க 1938இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனோடு கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழப் பார்த்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் பழகிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடலோ 24 மணிக் கணக்கை விட மறுத்துவிட்டது.

தூங்கா நகரம் என்று பெயரெடுத்த மதுரையிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவரது குழுவினரும் ஊரைச் சுற்றியுள்ள குகைகளின் வவ்வால்களிடம் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பிறகு வெளி வெளிச்சமோ மணி காட்டும் எதுவுமோ இல்லாத தனி அறைகளில், தாமாக முன்வந்த மனிதர்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். இப்படி நேரம் தெரியாமல் விடப்பட்டால் பெரும்பாலானவர்களின் உடல் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமான நாளை வாழத் தொடங்கிவிடும். 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதைத் துல்லியமாக அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது.

அந்தப் பதினொரு நிமிடத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. நம் கடிகாரம் இயல்பாகவே பின்னால் சாயும் சாதி. அதனால்தான் இரண்டு மணி நேரம் தள்ளித் தூங்குவது எளிதாகவும், இரண்டு மணி நேரம் முன்னதாகத் தூங்குவது பெரும்பாடாகவும் இருக்கிறது. சனிக்கிழமை இரவு இரண்டு வரை படம் பார்த்து, ஞாயிறு பத்து மணிக்கு எழுந்தால், அன்று இரவு பதினொன்றுக்குத் தூக்கம் வர எந்த நியாயமும் இல்லை. திங்கட்கிழமையை நினைத்து வந்த கவலை என்று அதற்கு நாம் வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

இனி "ஒம்பதரைக்கே போய்ப் படு" விஷயத்துக்கு வருவோம். 1986இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரமான சோதனையை வெளியிட்டார். இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று: ஏழு நிமிடம் இருட்டில் படுத்துத் தூங்க முயல வேண்டும், பதின்மூன்று நிமிடம் எழுந்திருக்க வேண்டும். இப்படியே ஒரு நாள் முழுக்க. முந்தின இரவு கண் விழித்தவர்களாலும் மாலையின் பிற்பகுதியில், அதாவது வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில், சரியாகத் தூங்க முடியவில்லை. அந்த நேரத்தை அவர் தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றே குறிப்பிட்டார். நாள் முழுக்கச் சேர்ந்த தூக்க அழுத்தம் நம்மை முன்னிரவிலேயே சாய்த்துவிடாமல் இருக்க, கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. பிறகு சட்டென்று கைவிடுகிறது, தூக்கம் வருகிறது.

ஆக, பதினொன்றரைக்குத் தூங்கும் உடலை ஒன்பதரைக்குப் படுக்கவைப்பது, இருபத்து நான்கு மணி நேரத்தில் அது மிகவும் கிண்ணென்று விழித்திருக்கும் வேளையைத் தேடிப் பிடித்துப் படுக்கவைப்பதாகும். வீட்டுப் பெரியவர்கள் சொன்னது தவறில்லை, அவர்கள் காலத்துக்குச் சரி. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, வயலுக்கோ மில்லுக்கோ போய், ஏழு மணிக்கே இருட்டிவிடும் வீட்டில் உண்டு முடித்தவர்களின் கடிகாரம் ஒன்பதுக்கே கைவிட்டிருக்கும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பருவ வயதில் இந்தக் கடிகாரம் மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. அது செல்போனால் மட்டும் வந்த வினை இல்லை, உடல் வளர்ச்சியின் ஒரு பகுதி. பத்தரைக்கு "லைட்ட ஆஃப் பண்ணு" என்று கத்திவிட்டு, விடிகாலை நாலரைக்கு டியூஷனுக்கு எழுப்பினால் அந்தப் பிள்ளை ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். சில இளைஞர்களுக்கு இது முற்றிப்போய், இரண்டு மூன்று மணிக்கு முன்னால் தூக்கமே வராது. ஆனால் விட்டால் பத்து மணி வரை அருமையாகத் தூங்குவார்கள். இவர்களுக்குத் தூக்கம் வராத நோய் இல்லை, கடிகாரம் தள்ளிப்போன நிலை. இதற்கான வைத்தியம் இரவில் தொடங்குவதில்லை.

காலை வெளிச்சத்தின் வேலை

கடிகாரத்தை முன்னால் இழுக்கும் கயிறு காலை வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில அணுக்கள் உண்டு. அவை நீல நிற ஒளிக்கு அதிகம் அசைகின்றன. எழுந்ததும் அந்த ஒளி பட்டால் அன்றைய கணக்கு தொடங்கிவிடும். ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் கழித்து மெலடோனின் சுரக்கும் வேளையும் அதோடு சேர்ந்து நிலைப்படும். வீட்டுக் கூடத்தில் குழல்விளக்கு எரிந்தால் இருநூறு, முந்நூறு லக்ஸ் ஒளி இருக்கும். மேகம் மூடிய காலையில்கூட வாசலுக்கு வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கடிகாரத்துக்குத் தெரியும். கோலம் போட வெளியே வந்தவர்களுக்குச் சும்மா கிடைத்த இந்த மருந்து, அடுக்குமாடியில் திரைச்சீலையை விலக்காமல் கிளம்பி, காரில் ஏறி, ஏசி அலுவலகத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. மொட்டை மாடியில் அரை மணி நேர நடை போதும். கூடவே, ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். படுக்கும் நேரத்தை நாம் கட்டளையிட முடியாது. எழும் நேரத்தை முடியும். சிரமம் என்னவோ அதில்தான், ஆனால் தூக்கம் வராதவர் கைவசம் இருக்கும் வலுவான பிடியும் அதுதான்.

இரவில் செல்போன் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கப்பட்ட உண்மை. 2015இல் வெளியான ஒரு கட்டுப்பாடான ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூக்கம் வந்தது. பத்து நிமிடம்தான். செல்போன் செய்யும் பெரிய கெடுதல் அதன் ஒளியில் இல்லை, அதில் வரும் சரக்கில் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொத்துத் தகராறு, மேலாளரின் பத்தே முக்கால் மணிச் செய்தி, முடிவே இல்லாமல் ஓடும் ரீல்ஸ். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு அதே ரீல்ஸைப் பார்ப்பதால் என்ன லாபம்?

படுக்கை கற்றுக்கொண்ட பாடம்

அழுத்தமும் சேர்ந்துவிட்டது, கடிகாரமும் சம்மதித்துவிட்டது. அப்படியும் தூக்கம் வராத இரவு உண்டு. கூடத்து நாற்காலியில் கண் சொருகும்; எழுந்து போய்ப் படுக்கையில் விழுந்த கணமே விளக்குப் போட்டது போல் மனம் தெளிந்துவிடும். இது பலருக்குப் பழக்கமான அனுபவம், நாள்பட்ட தூக்கமின்மைக்குத் தெளிவான அடையாளமும்கூட.

நியூயார்க் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980களில் இதை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசானது. அதன்மேல் ஒரு சம்பவம் வந்து விழுகிறது: வேலை போனது, அப்பாவுக்குப் பைபாஸ், வீட்டுக் கடன். சில வாரம் தூக்கம் கெடுகிறது. இதுவரை எல்லாம் இயற்கை. மூன்றாவது அடுக்குதான் வில்லங்கம். கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட அந்த மனிதர் செய்யும் காரியங்களே அதை நிரந்தரமாக்குகின்றன. சீக்கிரம் படுப்பது, காலையில் எழாமல் கிடப்பது, மதியம் தூங்குவது, இரவில் மணி பார்ப்பது. அப்பா தேறி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். மகனின் தூக்கம் மட்டும் திரும்பியிருக்காது. படுக்கை என்றால் புரள்வது, கணக்குப் போடுவது, நாளை எப்படி வேலை பார்ப்பது என்று பயப்படுவது என்ற பாடத்தை உடல் அதற்குள் மனப்பாடம் செய்திருக்கும்.

இந்தப் பாடத்தை அழிக்க அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இலேயே ஒரு முறை சொன்னார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். கண் சொக்கினால் ஒழியப் படுக்காதே. படுத்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறிடம் போ. மணி பார்க்க வேண்டாம், உத்தேசமாகப் போதும். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது செய். மறுபடி சொக்கினால் திரும்பு. தேவையென்றால் ஓர் இரவில் ஐந்து முறைகூட. படுக்கையில் தூக்கமும் தாம்பத்தியமும் தவிர வேறெதுவும் கூடாது: சாப்பாடு, லேப்டாப், தொலைபேசிப் பேச்சு எதுவும்.

வேறிடம் போ என்பது அமெரிக்க வீட்டுக்குச் சரி. ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் எங்கே போவது? சமையலறைத் தரை, பால்கனி, மாடிப்படி எதுவானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் படுக்கையிலிருந்து விலகிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலே பாதிப் பலன் கிடைக்கும். இன்னொன்றும் தோன்றுகிறது. பாயில் படுத்தவர்கள் விடிந்ததும் அதைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார்கள். பகலில் அதன்மேல் கிடந்து எதையும் பார்க்க வழியே இல்லை. பூட்சின் எழுதிய விதியை நம் வீடுகள் இடப் பற்றாக்குறையாலேயே கடைப்பிடித்திருக்கின்றன. கட்டிலும் மெத்தையும் வந்த பிறகுதான் படுக்கை இருபத்து நான்கு மணி நேரமும் விரித்தபடி கிடந்து, அலுவலகமாகவும் தியேட்டராகவும் ஆனது.

ஸ்பீல்மன் தந்த வைத்தியம் இன்னும் கடுமையானது. பத்து முதல் ஆறு வரை எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள், அதில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் படுக்கைக்கு ஐந்தரை மணி நேரம் மட்டும்தான் அனுமதி: பன்னிரண்டரை முதல் ஆறு வரை. பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, ஆறுக்குப் பின் கிடக்கக் கூடாது, பகல் தூக்கம் கிடையாது. முதல் பத்து நாள் கண் எரியும், எரிச்சல் வரும். ஆனால் அழுத்தம் ஏறி, படுத்ததும் தூக்கம் பிடிக்கத் தொடங்கும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமாக ஆனதும், வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் வீதம் முன்னால் நகர்த்தலாம். தூக்கம் இல்லாதவரை இன்னும் விழித்திரு என்பது கொடுமையாகத் தோன்றும், ஆனால் இது பலிக்கிறது. அனுமதியை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. பேருந்து, லாரி ஓட்டுகிறவர்களும், வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்கவே கூடாது.

இவற்றோடு மனப்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சைக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. நம் ஊரில் இதைக் கற்றுத்தரும் மனநல நிபுணர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை கிடைக்கும் கடை தெருமுனையில் இருக்கிறது.

மனம் ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு சிறு வழி. 2018இல் டெக்சாசின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதி அன்று முடித்த வேலைகளை எழுதியது, மறு பாதி இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியது. செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். கேஸ் சிலிண்டர், பள்ளிக் கட்டணம், கொழுந்தனாரிடம் பேச வேண்டிய பேச்சு என்று எல்லாவற்றையும் தாளில் இறக்கிவிட்டால், மூளை அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை போலும்.

தூங்கிவிட வேண்டும் என்ற முயற்சியே தூக்கத்துக்கு எதிரி. அதனால் சில சிகிச்சையாளர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள்: இருட்டில் படு, கண்ணைத் திறந்துவை, தூங்காமல் இருக்கப் பார். முயற்சி கழன்றதும் தூக்கம் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவில்லாத சோதனை.

சூடு, பால், மாத்திரை

தூக்கம் வர உடலின் உள்சூடு சற்றே இறங்க வேண்டும். கை கால்களின் தோல் வழியாக அந்தச் சூடு வெளியேறுகிறது. இளஞ்சூடான வெந்நீரில் படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வேகமாக இறங்கும். தூக்கம் பத்து நிமிடம் போல் முன்னதாக வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மே மாதச் சென்னைக்கு இது வேறு கதை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காயாது, காயாவிட்டால் சூடு போகாது. மேல் மாடி வீட்டுக் கான்கிரீட் கூரை பகல் முழுக்க வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை கக்கும். அங்கே தூக்கம் வராததற்கு மனதைக் குற்றம் சொல்வது அநியாயம். மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி படுப்பதும், கொசுவலைக்குள் தரையில் படுப்பதும், மாலையில் மாடித் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் எந்த மாத்திரைக்கும் குறைந்தவை அல்ல.

மஞ்சள் போட்ட பாலும் ஒரு கைப்பிடி கசகசாவும் பெரிதாக எதையும் செய்துவிடாது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் நிதானமான சடங்கு என்ற வகையில் பாலுக்கு நான் ஆதரவு. ஜாதிக்காயில் கவனம் வேண்டும். அளவு மிஞ்சினால் படபடப்பு, மனக்குழப்பம், இல்லாததெல்லாம் தெரிவது வரை போகும். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும்.

அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் 2014 மார்ச் முதல் இந்தியாவில் எச்1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். நடைமுறை எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நெருக்கடியில் சில நாள், மருத்துவர் சொல்லி எடுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் போனால் உடல் பழகி, அதே மாத்திரை போதாமல் ஆகும். ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் வரலாம். அதனால் பல வருடம் போட்டவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் அளவைக் குறைத்தே விட வேண்டும். முதியவர்கள் நடு இரவில் பாத்ரூம் போகும்போது தடுமாறி இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதில் இந்த மாத்திரைகளுக்கும் பங்குண்டு. மெலடோனின் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது தூங்கவைக்கும் மருந்து என்பதைவிட இரவு வந்துவிட்டது என்று கடிகாரத்துக்குச் சொல்லும் தகவல். கடிகாரம் தள்ளிப்போனவர்களுக்கு, சரியான நேரத்தில், சிறிய அளவில் கொடுத்தால் உதவும். படுக்கும் நேரத்தில் பெரிய மாத்திரையாக விழுங்கிவிட்டுத் தூக்கத்துக்குக் காத்திருப்பது வீண்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாதபோது வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின் ஆகியவை தூக்கத்தைத் தடுக்கக்கூடியவை. மாலை வேளை மருந்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கம் ஓடும். எதிலும் ஈடுபாடு இல்லாமல், அழுகையும் நம்பிக்கையின்மையும் கூடவே இருந்தால் தூக்கத்தை மட்டும் பார்க்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டு வாரம் படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், எழுந்த நேரம், குடித்த காபி, பகல் தூக்கம் ஆகியவற்றைக் காலையில் உத்தேசமாகக் குறித்து எடுத்துப் போங்கள். "தூக்கமே இல்லை டாக்டர்" என்ற ஒரு வரியில் கிடைக்காத விவரம் அதில் இருக்கும்.

நம் ஊர்ப் பெண்களிடம் அதிகம் தவறவிடப்படும் காரணம் ஒன்று உண்டு. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல், குடைவது போல் இருக்கும். அசைத்தால், எழுந்து நடந்தால் குறையும். மறுபடி படுத்தால் வரும். "கால் குடைச்சல்" என்று மகளைக் காலை மிதிக்கச் சொல்வார்கள், தைலம் தேய்ப்பார்கள், வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். ஓயாத கால் நோய் எனப்படும் இது மாலைக்கு மேல் கூடுவதால், தூக்கம் பிடிக்க வேண்டிய நேரத்தைச் சரியாகக் கெடுக்கிறது. இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மூளைக்குப் போதிய இரும்புச் சத்து கிடைக்காதது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்திலும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கால் நோய் கூடுதலாக வரும். செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். ஆய்வுக்கூடம் 30 அல்லது 40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "இயல்பு" என்று அச்சிட்டுக் கொடுக்கும். இந்த நோய்க்குச் சிகிச்சை தருபவர்களோ 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள். அறிக்கையை வாங்கும்போது எண்ணைப் பார்த்து, கால் குடைச்சலைப் பற்றியும் சொல்லிக் கேளுங்கள்.